டர்ஹாமிலிருந்து பென்சில்வேனியா போன சுரங்கத் தொழிலாளி: அவர் எந்த ஊர் என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வியைக் கொஞ்சம் சுருக்கி எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கணவரின் எள்ளுத்தாத்தா 1880-களில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா வந்து, பென்சில்வேனியாவில் ஸ்க்ராண்டன் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது "டர்ஹாம்" என்ற ஒரு சொல் மட்டும். (அது வடகிழக்கு இங்கிலாந்தில் ஒரு கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்றது; அதே பெயரில் ஒரு நகரமும் உண்டு.) அவர் பெயர் ஜான். குடும்பப்பெயரும் அந்த வட்டாரத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் இருக்கக்கூடியது. ஒரு வம்சாவளித் தளத்தில் யாரோ அவரை ஒரு ஜானோடு இணைத்து, 1640 வரை மரம் போட்டுவிட்டார்கள். அதை நம்பலாமா, அவர் பெற்றோர் யார், எந்த ஊர் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: ஸ்க்ராண்டனில் செத்த ஜானும் டர்ஹாமில் பிறந்த ஏதோ ஒரு ஜானும் ஒரே ஆள்தான் என்று எதை வைத்துச் சொல்வது? அதற்குப் பதில் கிடைக்காமல் 1640-ஐப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இந்த மாதிரித் தேடல்களைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். பெரும்பாலும் வட இங்கிலாந்துக் குடும்பங்கள், அதிலும் சுரங்கக் குடும்பங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் நேராக இங்கிலாந்துப் பிறப்பு அட்டவணையைத் திறந்து, பெயரும் வருடமும் பொருந்துகிற ஒருவரைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். இங்கிலாந்தில் அரசாங்கப் பிறப்புப் பதிவு 1837 ஜூலை 1-ல் தொடங்கியது. டர்ஹாம் கவுண்டியில் 1850-களில் பிறந்த ஜான்களை எண்ணிப் பார்த்தால் ஏன் அது வேலைக்கு ஆகாது என்று புரிந்துவிடும். போதாக்குறைக்கு, 1875 வரை பிறப்பைப் பதிவு செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் கிடையாது; ஆகவே உங்கள் ஜான் அந்த அட்டவணையிலேயே இல்லாமலும் இருக்கலாம். அவர் எந்த ஊர் என்பதை அமெரிக்கக் காகிதங்களில்தான் முதலில் தேட வேண்டும். அங்கே கிடைத்த பிறகுதான் கடலைத் தாண்டலாம்.

முதலில் வீட்டிலேயே தேடுங்கள். மாமனார் வழியில் வயதானவர்கள் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் பழைய பைபிள், சாவுச் சீட்டு, சங்கப் பதக்கம், புகைப்படம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய ஸ்டூடியோ படங்களின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ பெயரும் ஊரும் அச்சிட்டிருப்பார்கள். "பிஷப் ஆக்லண்ட்" என்றோ "சண்டர்லேண்ட்" என்றோ டர்ஹாம் பக்கத்து ஊர் ஒன்று இருந்தால் தேடும் பரப்பு பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

அடுத்தது இறப்புச் சான்றிதழ். பென்சில்வேனியா மாநிலம் பிறப்பு இறப்புகளைத் தானே பதிவு செய்யத் தொடங்கியது 1906-ல். ஜான் அதற்குப் பிறகு இறந்திருந்தால் சான்றிதழ் இருக்க வேண்டும். ஐம்பது வருடம் தாண்டிய இறப்புச் சான்றிதழ்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீங்கள் அந்த மாநிலத்திலேயே இருப்பதால் மாநில ஆவணக்காப்பகம் வழியாக ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தளத்தில் இலவசமாகவே படம் கிடைக்கும். அதில் தந்தை பெயர், தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயர், பிறந்த இடம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. ஆனால் படிக்கும்போது ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இறந்த தேதியும் காரணமும் அங்கே இருந்த மருத்துவர் எழுதியவை, அவற்றை நம்பலாம். (சுரங்கக்காரர்களுக்கு "மைனர்ஸ் ஆஸ்துமா" என்று எழுதியிருப்பது சகஜம், நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு அப்போது அதுதான் பெயர்.) பெற்றோர் பெயரும் பிறந்த இடமும் தகவல் கொடுத்தவர் சொன்னவை. அவர் யார் என்று படிவத்தின் கீழே பாருங்கள். மனைவி என்றால் ஓரளவு நம்பலாம், அதிலும் டர்ஹாமிலேயே கல்யாணம் செய்து கூட வந்த மனைவி என்றால் நன்றாகவே நம்பலாம். மருமகன் என்றால் அது வெறும் கேள்விப்பட்ட செய்தி. மாமனாரின் அம்மா பெயரை அவர் எங்கே கண்டார்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்களுக்கு 1900-ம் வருடத்துப் பக்கம்தான் தங்கம். 1890 கணக்கெடுப்பு கிட்டத்தட்ட முழுக்கவே போய்விட்டது, 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தின் காரணமாக. 1880-களில் வந்தவர்களுக்கு இது பெரிய இழப்பு. 1900 பக்கத்தில் ஒவ்வொருவரும் பிறந்த மாதமும் வருடமும், கல்யாணமாகி எத்தனை வருடம், அமெரிக்கா வந்த வருடம், குடியுரிமை வாங்கியாயிற்றா என்பதெல்லாம் இருக்கும். அதோடு, வீட்டு அம்மாவிடம் எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் கேட்டிருப்பார்கள். இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும். வந்த வருடம் மட்டும் 1900, 1910, 1920 மூன்றிலும் மூன்று விதமாக இருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டு மூன்று வருடம் முன்பின்னாக எடுத்துக்கொண்டால் போதும்.

கப்பல் பட்டியலையும் குடியுரிமைக் காகிதத்தையும் பற்றி எல்லாரும் ஆசையோடு கேட்பார்கள். சுருக்கமாகச் சொன்னால், உங்கள் காலத்துக்கு இரண்டும் சுமார்தான். 1906-க்கு முன்னால் எந்த நீதிமன்றம் வேண்டுமானாலும் தன் இஷ்டப்படி குடியுரிமைக் காகிதம் எழுதலாம். பெரும்பாலும் "விக்டோரியா ராணியின் மீதான விசுவாசத்தைத் துறக்கிறேன்" என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. நியூயார்க்கில் குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892 ஜனவரி 1-ல். அதற்கு முன் அந்த ஊரிலேயே காசில் கார்டன் என்ற பழைய இறங்குமிடம், அல்லது லிவர்பூலிலிருந்து நேராக பிலடெல்பியா. அந்தப் பட்டியல்களில் பெயர், வயது, தொழில், நாடு "இங்கிலாந்து", அவ்வளவுதான். இங்கிலாந்துப் பக்கத்தில் வெளியேறியவர்களின் பட்டியல் 1890-லிருந்துதான் மிஞ்சியிருக்கிறது. 1885-ல் அமெரிக்கா, வேலை ஒப்பந்தம் போட்டு வெளிநாட்டுத் தொழிலாளிகளை வரவழைப்பதைத் தடை செய்தது. அதற்குப் பிறகு வந்தவர் தன் தொழிலை எப்படிச் சொல்லியிருப்பார் என்பதும் சந்தேகம். "கூலி" என்று இருந்தால் இவர் இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு தந்திரம் மட்டும் உண்டு. புருஷன் முதலில் தனியாக வந்து வேலை தேடிக்கொள்வதும், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவதும் அப்போது வழக்கம். தனி ஆளான ஜானைத் தேடினால் நூறு பேர் வருவார்கள். மேரி, வயது 28, கூட ஏழு, ஐந்து, இரண்டு வயதில் இன்னின்ன பெயரில் மூன்று பிள்ளைகள் என்று தேடினால் ஒரே குடும்பம்தான் அகப்படும்.

இனிதான் கடலைத் தாண்டும் இடம். என் அனுபவத்தில் பாலமாக அமைவது ஜானின் சொந்தப் பிறப்புப் பதிவு இல்லை, இங்கிலாந்தில் பிறந்த அவருடைய மூத்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவு. 1900 பக்கத்தில் மூத்த இரண்டு பிள்ளைகள் இங்கிலாந்தில் பிறந்ததாகவும் மற்றவர்கள் பென்சில்வேனியாவில் பிறந்ததாகவும் இருந்தால் உங்களுக்கு யோகம். இங்கிலாந்துப் பொதுப் பதிவு அலுவலகம் தன் இணைய அட்டவணையைப் புதிதாகத் தயாரித்தபோது 1837 முதலே தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துவிட்டது; பழைய அச்சு அட்டவணையில் அது 1911-க்கு மேல்தான் வரும். குடும்பப்பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், குழந்தையின் பெயர், பிறந்த வருடம் ஆகிய நாலும் ஒரே பதிவு மாவட்டத்தில், சரியான இடைவெளியில், இரண்டு குழந்தைகளுக்குப் பொருந்தினால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இப்போது மேலே குறித்த எண்களுக்கு வருவோம். தாய் ஒன்பது பெற்று ஆறு உயிரோடு என்று சொல்லியிருந்தால், அதே பெயர் ஜோடியில் டர்ஹாமில் பிறந்து சிறுவயதில் இறந்த ஒரு குழந்தையும் அட்டவணையில் அகப்படலாம். கணக்கு நேராகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை வாங்குங்கள்; எந்தக் கிராமம் என்பது அதில் இருக்கும். தாயின் பெயர் கிடைத்ததால் கல்யாணப் பதிவையும் தேடலாம். ஆங்கிலேயத் திருமணச் சான்றிதழில் மாப்பிள்ளை, பெண் இருவருடைய தந்தை பெயரும் தொழிலும் இருக்கும். நீங்கள் கேட்ட பெற்றோரில் பாதி அங்கே கிடைத்துவிடும்.

ஜான் கல்யாணம் ஆகாமல் வந்தவர் என்றால் வேலை கூடும். அப்போது அவரை விட்டுவிட்டு அவரைச் சுற்றி இருந்தவர்களைத் தேடுங்கள். சுரங்கக்காரர்கள் தெரியாத ஊருக்குத் தனியாகப் போவது அபூர்வம். அண்ணன், மச்சான், ஒரே குழியில் (சுரங்கத்தில்) வேலை பார்த்தவன் யாராவது முன்னால் போயிருப்பார்கள். அவர் வீட்டில் தங்கியிருந்த வாடகை ஆள் யார், பக்கத்து வீட்டில் "இங்கிலாந்து" என்று எழுதியிருப்பவர் யார், பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்குச் சாட்சி யார், கல்லறையில் அடுத்த குழி யாருடையது? இவர்களில் யாரோ ஒருவருடைய சாவுச் செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் "இங்கிலாந்து, டர்ஹாம் கவுண்டி, இன்ன ஊரில் பிறந்தவர்" என்று வந்திருக்கும். கல்லறைக் கற்களிலும் இப்படிப் பொறிப்பது அந்தத் தலைமுறைக்கு வழக்கம். ஸ்க்ராண்டன் என்பதால் இன்னொன்றும் உண்டு: ஆங்கிலேயர்களுக்கான "சன்ஸ் ஆஃப் செயின்ட் ஜார்ஜ்" என்ற சகாய சங்கம் 1871-ல் அந்த ஊரில்தான் தோன்றியது. சாவுச் செய்தியில் அந்தப் பெயரைக் கண்டால் அவர் ஆங்கிலேயர் என்பதில் சந்தேகம் வேண்டாம். வேல்ஸ்காரர்கள் ஏராளமாக இருந்த ஊரில் அதுவே ஒரு தகவல்தான்.

குடும்பத்தில் யாராவது சுரங்கத்தில் அடிபட்டோ செத்தோ இருந்தால், சொல்லக் கஷ்டமாக இருந்தாலும், காகிதம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 1869-ல் ஏவன்டேல் சுரங்கத்தில் 110 பேர் இறந்த பிறகு பென்சில்வேனியா சுரங்க ஆய்வாளர்களை நியமித்தது. 1870 முதல் அவர்களுடைய வருடாந்தர அறிக்கைகளில் விபத்துக்கு ஆளானவர் பெயர், வேலை, வயது, விட்டுப்போன மனைவி, பிள்ளைகள் எல்லாம் பட்டியலாக இருக்கும். இங்கிலாந்திலும் அதே கதைதான். ஜானின் அப்பா ஒரு கணக்கெடுப்பில் இருந்து அடுத்ததில் இல்லாமல் போய், அம்மா விதவை என்று இருந்தால், டர்ஹாம் மைனிங் மியூசியம் என்ற தளத்தில் சுரங்கத்தில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். ஹார்ட்லியில் 1862-ல் 204 பேர், சீஹாமில் 1880-ல் 164 பேர் என்று பெரிய விபத்துகள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கூரையிலிருந்து கல் விழுந்து ஒருவர் மட்டும் இறந்த நாட்கள்தான் அதிகம், அவையும் அங்கே இருக்கின்றன.

இங்கிலாந்துப் பக்கத்துக்கு வந்துவிட்டால் 1881 ஏப்ரல் 3-ம் தேதிக் கணக்கெடுப்புதான் முதலில் பார்க்க வேண்டியது. அந்தத் தேதிக்குப் பிறகு கிளம்பியவர் என்றால் அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் அதன் அட்டவணை இலவசம். 1851 முதல் எல்லாக் கணக்கெடுப்பிலும் பிறந்த ஊர் பெயரோடு இருக்கும். ஒரே குடும்பத்தில் ஒரு பிள்ளை ஹெட்டனிலும் அடுத்தது ஹேஸ்வெல்லிலும் அதற்கடுத்தது ட்ரிம்டனிலும் பிறந்திருப்பதைப் பார்த்து மூன்று குடும்பங்களைக் கலந்துவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். அது சுரங்கக் குடும்பத்தின் அடையாளமே. டர்ஹாமில் தொழிலாளிகளை ஒப்பந்தத்தில் கட்டிப்போடும் "பாண்ட்" முறை 1872 வரை இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் நல்ல கூலியோ நல்ல வீடோ தேடி வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விடுவார்கள். வீடு கம்பெனி வீடு என்பதால் வேலை போனால் வீடும் போகும். பிள்ளைகள் பிறந்த ஊர்களை வரிசையாக எழுதினாலே அப்பா எந்தெந்தக் குழியில் எந்த வருடம் இருந்தார் என்பது வந்துவிடும், வேறு ஆவணமே தேவையில்லை. தேவையென்றாலும் கிடைப்பது கஷ்டம்தான். அந்தக் காலத்துக் கம்பெனிகளின் ஆள் பதிவேடுகள் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. தொழில் கட்டத்தில் "ஹ்யூவர்" என்றால் கரி வெட்டுபவர், "புட்டர்" என்றால் கரித் தொட்டியைத் தள்ளும் இளைஞன், "ட்ராப்பர்" என்றால் காற்றோட்டக் கதவைத் திறந்து மூடும் சிறுவன். வயதோடு இந்த வரிசை பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, பொருந்துகிற ஒரு ஜான் கிடைத்துவிட்டார் என்று வையுங்கள். இனி அவரைத் தோற்கடிக்க முயற்சி செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிற வேலை இதுதான், இணையத்தில் கிடக்கும் தப்பான மரங்களில் பாதி இதனால்தான் வந்தவை. அந்த ஜான் குழந்தையிலேயே இறந்துவிடவில்லையே? 1891-லும் 1901-லும் டர்ஹாமிலேயே கரி வெட்டிக்கொண்டிருக்கவில்லையே? அதே பெயர், அதே வயதில் பக்கத்து ஊரில் ஒரு சித்தப்பா மகன் இருக்கிறானா? சுரங்கக் குடும்பங்களில் தாத்தா பெயரை எல்லாப் பேரன்களுக்கும் வைப்பார்கள். ஒரே வட்டாரத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பது சாதாரணம். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயச் சுரங்கக்காரர்களில் போனவர்கள் எல்லாரும் போனபடியே இருந்துவிடவில்லை. வேலைநிறுத்தம், விலைச்சரிவு என்றால் திரும்பி வந்து, மறுபடி போனவர்கள் உண்டு. ஆகவே 1891-ல் டர்ஹாமில் இருக்கிறார் என்பது மட்டும் ஒருவரைத் தள்ளிவிடப் போதாது. அதே வருடங்களில் பென்சில்வேனியாவில் உங்கள் ஜானுக்குக் குழந்தை பிறந்திருந்தால் போதும்.

அந்த 1640 மரத்துக்கு வருகிறேன். பார்க்காமல் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு கண்ணிக்கும் கீழே என்ன ஆதாரம் என்று பாருங்கள். இன்னொருவருடைய மரத்தைக் காட்டியிருந்தால் அதை ஆதாரமாக எண்ண வேண்டாம். 1837-க்கு முன்னால் நம்மிடம் இருப்பவை தேவாலயப் பதிவேடுகள்தான். டர்ஹாம்காரர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. பிஷப் ஷூட் பேரிங்டன் காலத்தில், 1798 முதல் 1812 வரை, ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தை எத்தனையாவது பிள்ளை, தாயின் பிறந்த வீட்டுப் பெயர், தாய் தந்தை இருவரும் எந்த ஊர்க்காரர்கள் என்பது வரை எழுதச் சொல்லியிருந்தார்கள். இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளில் ஆராய்ச்சி செய்பவர்கள் இதைப் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். உங்கள் ஜானின் தாத்தா பாட்டி தலைமுறை அந்த வருடங்களில் விழும். அதற்கும் முன்னால், 1600-களில், "ஜான், தாமஸின் மகன்" என்று ஒரு வரிதான் இருக்கும். எந்தத் தாமஸ் என்பதற்கு உயிலோ நில ஆவணமோ இருந்தால் தவிரச் சொல்ல முடியாது, சுரங்கக் கூலிகளுக்கு அவை இரண்டும் அரிது. இன்னொரு சிக்கல், பிரிமிட்டிவ் மெத்தடிஸ்ட் என்ற சபை (இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராத தனிச் சபை) டர்ஹாம் சுரங்க ஊர்களில் பலமாக இருந்தது. ஊர்த் தேவாலயத்தில் ஞானஸ்நானம் இல்லையென்றால் அந்தச் சபையின் "சர்க்யூட்" (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரம்) பதிவேட்டில் பாருங்கள். அப்புறம், எல்லாரும் பரம்பரைச் சுரங்கக்காரர்கள் என்றும் நினைக்க வேண்டாம். குழிகள் பெருகியபோது வியர்டேல் ஈயச் சுரங்கங்களிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் கார்ன்வாலிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். மூன்று தலைமுறைக்கு மேலே போனால் டர்ஹாம் என்ற சொல்லே மறைந்துவிடலாம்.

டிஎன்ஏ சோதனை பற்றியும் கேட்டிருந்தீர்கள். காகிதத்தில் ஒரு ஊகம் இருக்கும்போது அதைச் சோதிக்க நல்ல கருவி; ஊகமே இல்லாதபோது பணச் செலவு. செய்வதாக இருந்தால் உங்கள் கணவருக்குச் செய்வதைவிட அவருடைய தாத்தாவோ, தாத்தாவின் உடன்பிறந்தவர்களோ உயிரோடு இருந்தால் அவர்களுக்குச் செய்யுங்கள். ஜானிடமிருந்து வந்த டிஎன்ஏவின் பங்கு ஒவ்வொரு தலைமுறைக்கும் சராசரியாகப் பாதியாகிவிடும். ஜானின் உடன்பிறந்தவர்களில் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டவர்களின் வாரிசுகள் யாராவது பொருந்துகிறார்களா என்பதுதான் பார்க்க வேண்டியது. பொருத்தம் வந்தால் "இந்தக் குடும்பம்தான்" என்று சொல்லும். "இந்த ஜான்தான், அவர் தம்பி இல்லை" என்று பிரித்துச் சொல்லாது.

ஆக, நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, அவர் ஆங்கிலேயர், சுரங்கக்காரர் என்பது மட்டும். டர்ஹாம் என்பது பெரும்பாலும் கவுண்டியைக் குறிக்கும், நகரத்தை அல்ல. குடும்ப வாய்மொழியில் பக்கத்து நார்தம்பர்லேண்டும் டர்ஹாமாகிவிடுவது உண்டு, அதையும் மனதில் வையுங்கள். முதலில் ஜானின் இறப்புச் சான்றிதழ், அவர் மனைவியின் இறப்புச் சான்றிதழ், 1900 கணக்கெடுப்பில் அந்த வீட்டுப் பக்கம், இந்த மூன்றின் படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் உங்களுக்கு இலவசம். மூத்த பிள்ளைகளில் ஒருவராவது இங்கிலாந்தில் பிறந்தவர் என்று தெரிந்தால் தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு இங்கேயே எழுதுங்கள், எந்தப் பதிவு மாவட்டத்தில் தேடுவது, எந்தச் சான்றிதழுக்குக் காசு கட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை இங்கிலாந்துச் சான்றிதழ் எதையும் வாங்க வேண்டாம்.